பிடியரிசி கொண்டுவரவும்

1

இந்தக் கதை எனக்குக் கொட்டாரம் ஊரில் ஒரு மருந்துக்கடையில் கிடைத்தது. நான் பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா, கடைப்பெண்ணிடம் போனை நீட்டினார்.

“பாருட்டி அஜிதா, எனக்க மவ இருக்க தீவுல களியல் ஆடுதாவ. அவளுக்கு ஒத்தைக்கு இருக்க நேரமே கெடையாது.”

“போன வாரமும் இதத்தானக்கா சொன்னிய?”

“அது மரச்சீனிக் கெழங்கு விருந்து. இது கம்பு தட்டி ஆடுத களியல்.”

அஜிதா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். “எல்லாரும் நிக்காவ. மவ எங்க?”

“அவதான போட்டோ எடுத்தா!”

அந்தப் பதில் என்னோடு வீடு வரைக்கும் வந்தது. எல்லா விருந்திலும் படத்துக்கு வெளியே நிற்கும் ஒரு பெண். அவளை எனக்குத் தெரியாது. தாயின் பெயரும் தெரியாது. எலிசா என்று வைத்துக்கொண்டேன், மகள் ரெனிஷா. இனி வருவதெல்லாம் நான் உண்டாக்கியது. தவறு இருந்தால் அது அவர்களுடையதல்ல.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மனாமா நகரத்தின் மாலை வெயில் கண்ணாடிக் கட்டடங்களின் மீது

(நிறுத்திவிட்டேன். அந்த வளைகுடாத் தீவின் தலைநகரான மனாமாவை நான் பார்த்ததில்லை. பார்க்காத வெயிலை எழுதக்கூடாது.)

பிறகு:

ரெனிஷா தனிமையில் வாடினாள்

(இதுவும் வேண்டாம். அவள் காலையில் எழுந்து, சீருடையைத் தேய்த்து, பல் மருத்துவமனைக்கு வேலைக்குப் போகிறாள். அங்கே வலியோடு வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுகிறாள். வாடுகிறவள் இப்படியா இருப்பாள்?)

மூன்றாவது:

ரெனிஷா தன்னிடமிருந்த ஒரே தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

இது இருக்கட்டும்.

போன புதிதில் அம்மா கேட்டார்: “அங்க நம்ம ஆளுவ உண்டா மோளே?” அவள் உண்மையைச் சொன்னாள்: “ஆரும் இல்லம்மா.” அன்றைக்கு எலிசா அக்காவுக்குப் பிரஷர் ஏறி, அண்டை வீட்டார் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அடுத்த முறை கேட்டபோது ரெனிஷா சொன்னாள்: “உண்டும்மா. நெறைய பேரு உண்டு.”

3

ஒரு பொய் ஊருக்குள் நடமாட வேண்டுமானால் அதை நம்பி எழுத ஒருவர் வேண்டும். அந்த வேலைக்கு நானே கதைக்குள் நுழைந்துகொண்டேன். கதையில் நான் எங்கள் திருச்சபையின் நாலு பக்க மாதத்தாளை நடத்துகிறேன். அச்சில் கொஞ்சம், மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில். மூன்றாம் பக்கம் ‘தீவிலிருந்து’. ரெனிஷா குரல் செய்தி அனுப்புவாள். நான் நல்ல தமிழில் எழுதுவேன்.

‘மனாமாவில் நம்மவர் நடத்திய கிழங்கு, மீன்கறி விருந்தில் திரளானோர் பங்கேற்றனர்.’ ‘கிறிஸ்துமஸ் பவனியில் இளைஞர் களியல் ஆடிச் சிறப்பித்தனர்.’

தாள் வந்ததும் எலிசா அக்கா அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பார். அன்றைக்கு இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிடுவார்.

[முதல் பிரதியில் இந்த ‘நான்’ சந்தேகப்பட்டான். அப்படிப்பட்டவனை எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது அவன் எல்லாவற்றையும் நம்புகிறான். அதுவும் ஆபத்துதான் என்பதை இனிப் பார்ப்பீர்கள்.]

4

எங்கள் ஆலயத்தில் அசனம்* நடந்தது. எலிசா அக்கா சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து மகளைப் போனில் அழைத்து, “ஒனக்கு ஒரு வாய் தர முடியலியே மோளே” என்று அழுதுவிட்டார். ரெனிஷா பதறிப்போய், “அழாதிங்கம்மா, இங்கயும் அசனம் உண்டு. அடுத்த வெள்ளிக்கிழம, எனக்க வீட்டுலயேதான்” என்றாள். சொன்ன கையோடு எனக்கும் செய்தி அனுப்பினாள்.

நான் எழுதினேன். அவள் குடியிருக்கும் கட்டடத்தின் பெயரை எலிசா அக்காவிடம் கேட்டுச் சேர்த்தேன். கடைசியில் என் கை பழக்கத்தில் ஒரு வரியைப் போட்டது: ‘சாதி மத பேதமின்றி அனைவரும் வருக.’

எங்கள் ஊர்ப்பக்கத்தில் அந்த வரி இல்லாமல் யாரும் அசனச் செய்தி போடமாட்டார்கள். அது இல்லாவிட்டால் அசனமல்ல, வீட்டுச் சாப்பாடு.

தாள் வாட்ஸ்அப்பில் போன மறுநாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

“சாரே, நான் கடியப்பட்டணம் சிலுவைமுத்து. மனாமாவுல போட்டுல மீன் பிடிக்கேன். வெள்ளிக்கிழம அசனம் உள்ளதுதானே?”

“உள்ளதுதான்.”

“நாங்க ஆர்சி, கத்தோலிக்க சபை. வரலாமா?”

“அனைவரும்ணு போட்டிருக்கேன்லா?”

“இல்ல சாரே, சும்மா கேட்டேன். ரூமுல நாங்க வைக்க கறிய மீனே கண்டா கடலுக்குத் திரும்பப் போயிரும். சாம்பார் உண்டும்லா?”

“உண்டு, உண்டு.”

[சிலுவைமுத்துவை நகைச்சுவைக்காகத்தான் கொண்டுவந்தேன். அவர் அதற்கு மேலே போய்விட்டார்.]

* அசனம்: ஆலயத்துப் பொதுப் பந்தி. வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கடவுளுக்கென்று தனியே எடுத்து வைப்பார்கள். அந்தப் பிடியரிசியெல்லாம் சேர்ந்துதான் அந்தச் சோறு. ஆகையால் அசனத்தில் விருந்தாளி கிடையாது, வீட்டுக்காரரும் கிடையாது.

5

ஆட்கள் வரப்போகிறார்கள் என்று நான் ரெனிஷாவிடம் போனில் சந்தோஷமாகச் சொன்னேன்.

“மாமா, அப்படி ஒரு அசனம் இல்ல.”

“தள்ளிப் போட்டாச்சா?”

“இதுவரைக்கும் நீங்க எழுதின ஒண்ணுமே இல்ல மாமா.”

“அப்பம் அந்தக் களியல்?”

“அது ஆரோ ஆடினது. நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிண்ணு போட்டோ எடுத்தேன்.”

“கடந்து போயிப் பேசியிருக்கலாம்லா மோளே?”

“போயி என்னண்ணு சொல்ல? ‘எனக்கு ஆருமில்ல, என்னயும் சேத்துக்கிடுங்க’ண்ணா? நாக்கு வரல்ல மாமா.”

அவளே தொடர்ந்தாள்.

“அசனம் இல்லண்ணு போட்டுருங்க.”

“போட்டா அம்மா வாசிப்பாவ.”

“போடாட்டா ஆளு வரும். என்கிட்ட ஒரு தட்டுதான் மாமா இருக்கு. நான் கதவத் தெறக்கமாட்டேன். சொல்லிட்டேன்.”

6

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. ‘சுகவீனம் காரணமாக அசனம் ரத்து’ என்று அறிவிக்கிறேன். யாருக்குச் சுகமில்லை, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று எலிசா அக்கா போனும் கையுமாக (கிழித்துவிட்டேன். ஒரு பொய்யை மூட இன்னொரு பொய்; அதற்கு ஒரு தாயின் நெஞ்சு விலை.)

இரண்டு. எல்லாரும் வருகிறார்கள். கதவு திறக்கிறது. பாட்டு, பந்தி, சிரிப்பு. எலிசா அக்கா வீடியோவில் பார்த்துக் கண்ணைத் துடைக்கிறார். மளமளவென்று எழுத வந்தது. எனக்கே கண் கலங்கியது. திரும்ப வாசித்தபோதுதான் கவனித்தேன்: அந்தப் பந்தியில் ரெனிஷா இல்லை. இந்த முறையும் அவள் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

மூன்று. ரெனிஷா கதவைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுகிறாள். சிலுவைமுத்து என்னை அழைக்கிறார்: “பூட்டியிருக்கு சாரே. பரவாயில்ல, அந்தப் புள்ளைக்கு என்ன சோலியோ.” கோபப்பட்டிருந்தால் அந்த முடிவை வைத்திருப்பேன். அவர் கோபப்படவில்லை.

7

ஜெபித்துவிட்டு உட்கார்ந்தபோது எனக்குத் தோன்றியது எழுத்தாளனுக்குத் தோன்றும் வழியல்ல; சபையாருக்குத் தோன்றும் வழி. சிலுவைமுத்துவை அழைத்தேன்.

“ஒரு காரியம் சொல்ல விட்டுப்போச்சு. போறவங்க ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டு போணும். தட்டும்.”

“தட்டா? எல கெடையாதா?”

“மனாமாவுல வாழத்தோட்டமா இருக்கு?”

சிரித்தார். “செரி. மீனு நாங்க கொண்டு போறோம். சமையலுக்கு ஆளு?”

“போறவங்கதான்.”

அவர் சிரிப்பு நின்றது. அடுத்து அவர் கேட்டதை நான் திட்டமிட்டு எழுதவில்லை.

“சாரே, அந்தப் புள்ள ஒத்தைக்கா இருக்கு?”

நான் பேசாமல் இருந்தேன். அதிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

“நான் கேட்டதா அதுட்ட சொல்லாண்டாம். வெக்கப்படும். கதவு தெறக்கலண்ணா மீன வாசல்ல வச்சிட்டு வந்துருவோம். சட்டி கழுவினதுதான்.”

அன்று மாலை வாட்ஸ்அப்பில் ஒரு திருத்தம் போட்டேன்: ‘மனாமா அசனத்துக்கு வருவோர் பிடியரிசி கொண்டுவரவும்.’ எலிசா அக்காவுக்கு அதில் சந்தேகமே வரவில்லை, அசனமென்றால் பிடியரிசிதானே. ரெனிஷா பார்த்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீல டிக்குகள் விழுந்தன. பதில் இல்லை.

8

வெள்ளிக்கிழமை. படிக்கட்டில் சிலுவைமுத்துவும் அவருடைய அறைக்காரர்களும் நிற்கிறார்கள். அவர் கையில் மூடிய சட்டி; மற்றவர்கள் கையில் தட்டும், பிளாஸ்டிக் கவரில் அரிசியும். அவர் மணியை ஒரு முறை அழுத்துகிறார். உள்ளே ரெனிஷா இருக்கிறாள். அந்த ஒரே தட்டு கவிழ்ந்திருக்கிறது. அவள் எழுந்து கதவின் இந்தப் பக்கம் வந்து நிற்

(இங்கே பேனாவை வைத்துவிட்டேன்.)

கதவைத் திறக்க எனக்கு ஒரு வார்த்தை போதும். ஆனால் ரெனிஷாவின் செய்திகளையெல்லாம் இதுவரை நானே எழுதியிருக்கிறேன். நடக்காதவற்றை நடந்ததாக, அழகான தமிழில். இதையும் நான் எழுதினால் இதுவும் அவற்றில் ஒன்றாகிவிடும். இந்த ஒன்றை அவள் அனுப்பட்டும்.

வாசிக்கிற நீங்கள் விரும்பினால் படிக்கட்டில் இடம் இருக்கிறது. ஒரு பிடி அரிசியோடு வந்து நில்லுங்கள். மணியை மறுபடியும் அழுத்த வேண்டாம், அவளுக்குக் கேட்டிருக்கும்.

இந்த மாதத் தாளில் மற்ற பக்கங்கள் முடிந்துவிட்டன. மூன்றாம் பக்கத்தை இன்னும் வெறுமையாக வைத்திருக்கிறேன்.