அளக்க ஓர் ஆள்

இரண்டு மழைக்காலங்கள் எங்கள் சம்புரு இனத்தாரின் மேய்ச்சல் நிலத்தை எட்டிப் பார்க்காமலே போய்விட்டன. மாடுகள் மாண்டன, பாலும் வற்றியது. ஆகவே, மரலால் நகரிலிருந்து மக்காச்சோள மூட்டைகளுடன் நிவாரண லாரி வந்து குடைவேல மரத்தடியில் நின்றதும் ஊரே வரிசையாயிற்று.

உடன் வந்த இளம் அதிகாரி வஞ்சாலா நாட்டின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த வேற்றினத்தவர். அவரவர் பங்கை அவரவர் கையில்தான் தருவேன் என்றார். சென்ற முறை கைமாறிய தானியம் வீடு சேரவில்லையாம். அளப்பதற்கு நேர்மையான ஆள் கேட்டார். லெசியாம்பேயைக் காட்டினோம்.

அவனும் ஒழுங்காகவே அளந்தான், நைசூலாவின் முறை வரும்வரை. அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு முட்புதருக்குள் பாய்ந்தாள். அவன் தகரக் குவளையைப் போட்டுவிட்டு லாரிக்குப் பின்னால் பாய்ந்தான். யானையும் எலியும் ஒரே நொடியில் ஒன்றையொன்று கண்டு மிரண்டதுபோல் இருந்தது.

"ஏம்ப்பா ஓடறே? அந்தம்மா என்ன சிங்கமா?" என்றார் வஞ்சாலா.

"சிங்கம்னா நின்னிருப்பேன் சார். அவங்க என் பெண்டாட்டியோட அம்மா!"

மாமியார் முகத்தில் மருமகன் விழிப்பதும், அவள் கையில் ஒன்றை நீட்டுவதும் எங்களிடம் ஆகாது. நைசூலாவுக்கோ அடுப்பெரிந்து வெகுநாளாயிற்று. மகள் வீட்டில் போய் உண்ணவும் வழியில்லை. அங்கேதான் அவன் இருக்கிறானே! இன்று வாங்காவிட்டால், அடுத்த லாரி வரும்வரை வேலங்காயைத்தான் வேகவைக்க வேண்டும்.

அடுத்து, எங்கள் ஊர் லெமரோன் குவளையை எடுத்தான். உடனே வரிசையிலிருந்து இருவர் ஓடினர்; அவனுக்கு மனைவியர் இருவர். மணமான ஆண் எவனும் அங்கே யாருக்கோ மருமகன். மணமாகாதவர்களோ மந்தையோடு மலைக்குப் போயிருந்தார்கள்.

"பெண்கள் யாராவது அளங்களேன்," என்று கெஞ்சினார் வஞ்சாலா.

வரிசையில் நின்ற நமாயானா சிரித்தாள். "நல்லா சொன்னே தம்பி! தங்கச்சிக்கு ஒரு பிடி கூடப் போட்டாள்னு அடுத்த மழை வரைக்கும் ஏச்சு வாங்கவா? இந்தச் சமவெளியிலயே மாமியார் இல்லாத ஆம்பளை நீ ஒருத்தன்தான். புடி குவளையை!"

வஞ்சாலா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். புதரிலிருந்து நைசூலா வெளியே வந்து, தலைநிமிர்ந்து பையை விரித்தாள். அவர் குவளை குவளையாகக் கோபுரம் வைத்துக் கொட்டினார். கனத்த பையை மார்போடு அணைத்தவள், அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தாராளமான கை, தம்பி. கல்யாணம் ஆயிடுச்சா? எனக்குச் சின்னப் பொண்ணு ஒருத்தி இருக்கா..."

"அடியே நைசூலா!" என்று பின்னாலிருந்து அலறினாள் நமாயானா, வெறும் பையை உயர்த்திக் காட்டியபடி. "உன் தங்கச்சி நான் நிக்கறது தெரியலையா? உனக்கு மருமகன்னா எனக்கும்தானே! நான் வாங்கிக்கிற வரைக்குமாவது வாயை மூடுடி!"