கடைசி வளைவில் கேட்ட சத்தம்

விபத்து நடந்த அன்று அந்தத் தெருவில் இருந்த அத்தனை பேரும் சத்தத்தைக் கேட்டிருந்தார்கள். பழக்கடைக்காரர் கேட்டார். தையல்கடைக்கு அளவு கொடுக்க வந்த பெண் கேட்டாள். மாடியில் காய்ச்சலோடு படுத்திருந்த ஒருவர்கூடக் கேட்டார். காரைக் கண்ணால் பார்த்தவர்கள் அதிகம் இல்லை. ஆனால் போலீஸ் வந்து விசாரித்தபோது எல்லோருமே பார்த்ததாகத்தான் சொன்னார்கள்.

"பறந்து வந்தான் சார். ரேஸ் விட்டுக்கிட்டு வந்தான். ஸ்கூல் விடுற நேரம்னுகூடப் பாக்கல."

செய்தித்தாளிலும் அப்படியே வந்தது. பள்ளி வாசலருகே கார் பந்தயம், ஓட்டியவர் பலி. பந்தயம் என்றால் போட்டிக்கு இன்னொரு கார் வேண்டுமே என்று யாரும் கேட்கவில்லை.

செத்துப்போனவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். மாடிக் கட்டடங்களின் இருட்டுக் குழிகளில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே ஆயுளில் பாதியைக் கழித்தவர். அவர் மனைவி பல் செட் செய்யும் லேபில் வேலை பார்த்தாள். மெழுகில் ஈறு பிடித்து, அதில் ஒவ்வொரு பல்லாக நிறம் பார்த்து நடுகிற வேலை. விபத்துச் செய்தி வந்தபோது அவள் கையில் யாரோ ஒரு முதியவரின் கீழ்த்தாடை இருந்தது. அதை மேசையில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் எழுந்தாள். ஏன் அப்படிச் செய்தேன் என்று பிறகு அவளுக்கே புரியவில்லை. தூக்கி எறிந்துவிட்டு ஓடியிருக்க வேண்டாமா என்று பல நாள் அதையே நினைத்து மருகினாள்.

அந்தக் கார் வீட்டுக்கு வந்த கதையே தனி. ஓர் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், உரிமையாளர் கைவிட்டுப் போனதால், தூசி மூடிக் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். லிஃப்ட் பார்க்கப் போனவர் காரைப் பார்த்து மயங்கிவிட்டார். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்து உயிர் கொடுத்தார்.

"வீட்ல இருக்கறது நாலு பேரு. கார்ல ரெண்டு சீட்டு. மத்தவங்க என்ன பின்னாடியே ஓடி வரணுமா?" என்று அவள் கேட்டாள்.

"நாள் பூரா மேலயும் கீழயும் போயே என் பொழப்பு போச்சு. ஒரு தடவையாவது நேராப் போய்ப் பாக்கறேன், விடு" என்றார்.

நாலாவது ஆள் அவருடைய அப்பா. பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். வேலை பார்த்த காலம் முழுக்க ரோட்டில் ஒரு நாய்க்குட்டியைக்கூட இடிக்காதவர் என்று டிப்போவில் பேர். மகன் அந்தக் காரைத் துடைக்கிறபோதெல்லாம் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

மூன்றாவது ஆள் மகள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்திச் சாப்பிடுகிறாள் என்று அப்பா வைத்த பெயர் குருவி. பன்னிரண்டு வயது. பிறந்ததிலிருந்து காது கேட்காது. கருவி மாட்டிப் பார்த்தார்கள், பெரிதாகப் பயன் இல்லை. கையால் பேசுவாள், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். வாயைத் திறந்து பேசுவது அபூர்வம்.

காரின் ஸ்டியரிங்கில் ஒரு சின்னக் குமிழ் இருந்தது. அதைத் திருப்பினால் நார்மல், ஸ்போர்ட், பந்தய ஓட்டத்துக்கான டிராக் என்று மூன்று நிலைகள். நார்மலில் கார் சமையலறை ஃபிரிட்ஜ் மாதிரி முனகிக்கொண்டு போகும். ஒரு நாள் காலி மைதானத்தில் நிறுத்தி, குருவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் டிராக்கில் போட்டு மிதித்தார். தள்ளி நின்ற மனைவிக்கே வயிறு அதிர்ந்தது. குருவி இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். கண் அகல விரிந்தது. பிறகு, எப்போதும் மூடியே கிடக்கும் அந்த வாயைத் திறந்து, கரகரத்த குரலில், "கேக்குது" என்றாள்.

அதற்குப்பின் மனிதனைப் பிடிக்க முடியவில்லை. மதிய வேலைகளை முன்னேபின்னே மாற்றிப்போட்டு, தினமும் அவரே காது கேளாதோர் பள்ளிக்குப் போய் மகளை அழைத்து வந்தார். ஊருக்குள் நார்மலில் அமைதியாகப் போவார். பள்ளிக்கு ஏறுகிற கடைசி வளைவு வந்ததும் குமிழைத் திருப்புவார். வாசலில் இரும்புக் கேட்டில் கையை வைத்துக்கொண்டு குருவி நிற்பாள். கேட் அதிர்ந்தால் அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம். குமிழைப் பற்றி அவளிடம் அவர் மூச்சே விடவில்லை. "ஸ்கூலப் பாத்ததும் காருக்குக் குஷி வந்துடுது" என்று கையால் சொல்லிவைத்திருந்தார். அவளும் நம்பினாள்.

மனைவியிடம் மட்டும் ஒருமுறை சொன்னார். "அதுல போட்டா வண்டிக்குக் கொஞ்சம் திமிர் ஏறும். நான் மெதுவாத்தான் போவேன், நீ பயப்படாத."

அவள் பயப்படவில்லை. தடுக்கவும் இல்லை.

காரில் கிடந்த பொருட்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி அழைப்பு வந்தபோது அவள் தனியாகப் போனாள். உடைந்த வண்டிகளை நிறுத்தியிருந்த தகரக் கொட்டகையில், வாகனப் பரிசோதகர் காத்திருந்தார். அவள் வயதை ஒத்த பெண். கை முழுக்கக் கரி. காரின் ஓட்டுநர் பக்கம் உள்வாங்கிப்போயிருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் சாப்பாட்டு டப்பாவையும் கருவிப் பையையும் எடுத்துக்கொண்டாள்.

"ஒரு விஷயம் கேக்கலாமா?" என்றார் பரிசோதகர். "வண்டி டிராக் மோட்ல இருந்திருக்கு. ஆனா வேகம் ஒண்ணும் இல்ல. ஸ்கூட்டர்ல போற வேகம்தான். அது எனக்குப் புரியல."

"வேகமா வந்தார்னு எல்லாரும் சொல்றாங்களே?"

"அவங்க கேட்டது சத்தத்த. சைலன்சர்கிட்ட ஒரு மூடி இருக்கு. நார்மல்ல அது மூடியே இருக்கும், சத்தம் அமுங்கிடும். டிராக்ல போட்டா முழுசாத் திறந்துடும். நின்ன இடத்துலயே உறுமும்."

"சத்தம் மட்டும்தானே மாறும்?"

பரிசோதகர் தலையாட்டி மறுத்தார். "இதுக்கப்புறம் வந்த வண்டிகள்ல சத்தத்துக்குன்னு தனி பட்டன் வச்சிட்டாங்க. அமைதியா ஓட்டிக்கிட்டே சத்தத்த மட்டும் திறந்துக்கலாம். இதுல எல்லாத்தையும் ஒரே குமிழ்ல கட்டிப்போட்டிருக்கு. சத்தம் வேணும்னா மத்ததும் கூடவே வரும். ஆக்சிலேட்டர லேசாத் தொட்டாலே பாயும். வண்டி வழுக்கினா தானே பிடிச்சு நேராக்கற ஏற்பாடு ஒண்ணு இருக்கு, அது பாதிக்கு மேல அணைஞ்சிடும். ரேஸ் ஓட்டறவங்களுக்கு அது இடைஞ்சல்னு அப்படி வச்சாங்க. அன்னைக்கு மழை பெஞ்ச ஈரம். வளைவுல கால லேசா அழுத்தியிருக்கார். பின் சக்கரம் விலகிடுச்சு. ரோட்டோரக் கம்பத்துல அவர் பக்கம் மோதிடுச்சு."

"நார்மல்ல இருந்திருந்தா?"

"வண்டியே சமாளிச்சிருக்கும்" என்றார் பரிசோதகர். "மெதுவா வர்ற மனுஷன் எதுக்கு டிராக்ல போடணும்? உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. அறிக்கையில எழுதிடறேன். ரேஸ் விட்டார்ங்கற பேச்சு இதோட நின்னுடும்."

அவளுக்குத் தெரியும். கேள்வி முடிவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. நாக்கு நுனிவரை வந்த பதிலோடு, அது அறிக்கையில் ஏறி, செய்தித்தாளில் வந்து, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணின் கையில் போய்ச் சேருவதும் சேர்ந்தே கண்ணில் தெரிந்தது.

"தெரியாதுங்க" என்றாள்.

வீட்டில் மாமனார் துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடமெல்லாம் மகனை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். "செத்தவனத் திட்டக் கூடாதும்பாங்க. ஒரு குழந்த குறுக்க வந்திருந்தா? என் மானத்த வாங்கிட்டுப் போய்ட்டான்." சோறு இறங்காமல் ஆள் பாதியாகிவிட்டார். மகனுக்காக அழவும் அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை, கோபம் விடவில்லை. அதை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது? ஒரு மத்தியானம், குருவி பள்ளிக்குப் போயிருந்த நேரம், அவள் அவர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

கேட்டு முடித்த கிழவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அடக்கத்தன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

"பாவி. ஈரம்னு தெரிஞ்சும் போட்டிருக்கான் பாரு" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேற யாருக்கும்மா தெரியும்?" என்று கேட்டார்.

"யாருக்கும் தெரியாது மாமா."

"புள்ளைக்கு?"

"தெரியாது. அவளுக்காகப் போட்டதுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா."

"அப்ப அவன் ரேஸ் விட்டான்" என்றார். "ரேஸ் விட்டுத்தான் செத்தான். விளங்குதா? நான் சாகுற வரைக்கும் அப்படித்தான் சொல்லுவேன். நீயும் சொல்லு."

சொன்னார். முன்பு கோபத்தில் திட்டிய அதே வார்த்தைகளை இப்போது ஒப்பித்தார். ஆனால் ஒன்றை அவரால் மறைக்க முடியவில்லை. பேத்தி எதிரில் வந்தால் அவர் பார்வை தரையில் விழுந்தது. தாத்தாவின் மடியில் கால் நீட்டிப் படுக்கிறவள், சில வாரங்களில் அவர் அறைப் பக்கம் போவதை விட்டுவிட்டாள். மாமனாரிடம் சொன்னது சரியா தப்பா என்று அவளுக்கு விளங்கவில்லை. ஒரு பாரத்தை இறக்கிவைக்கப்போய் இன்னொருவர் தலையில் ஏற்றிவிட்டோம் என்று மட்டும் தோன்றியது.

பள்ளியில் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? கையால் பேசுகிற பிள்ளைகளுக்கும் வம்பு பேசத் தெரியும். ஒரு நாள் சாயங்காலம் சாப்பிடும்போது குருவி தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கையால் கேட்டாள்.

"அப்பா ரேஸ் விட்டாரா?"

மாமனாரின் கை சோற்றிலேயே நின்றது.

"எல்லாரும் சொல்றாங்க. நாங்க வெளிய வர்ற நேரம். எங்க மேல மோதியிருப்பார்னு சொல்றாங்க." விரல்கள் வேகமாக ஓடின. "தெரிஞ்சும் எதுக்கு அப்படி ஓட்டினார்? அவருக்கு என்னவிட கார்தான் பிடிக்கும். அப்படித்தானே?"

இல்லை என்று அம்மா தலையை அசைத்தால் போதும். ஆனால் அசைத்தால் அடுத்த கேள்வி வரும். பிறகு ஏன் அந்தச் சத்தம் என்று வரும். இந்தப் பெண்ணை அரைகுறைப் பொய் ஏமாற்றாது. முகத்தைப் படித்தே வளர்ந்தவள். சொன்னால் ஒரே பொய்தான் சொல்ல வேண்டும், அதையும் முழுசாகச் சொல்ல வேண்டும்.

"ஆமா" என்றாள், உதடு தெளிவாகத் தெரியும்படி. "அவருக்கு அந்தக் கார்தான் பெருசு."

குருவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட்டாள். எழுந்து போய், தன் அறை அலமாரிமேல் இருந்த அப்பாவின் படத்தைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தாள். "என் ரூம்ல வேண்டாம்." மாமனார் கை கழுவாமலே வெளியே போய்விட்டார். அவள் படத்தை வாங்கித் தன் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

ஆண்டு முடிவில் பள்ளியில் சாலைப் பாதுகாப்பு நிகழ்ச்சி வைத்தார்கள். பெற்றோர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தது. குருவி தானே கேட்டு மேடையேறினாள். கறுப்புக் கவுன், இழுத்துக் கட்டிய தலைமுடி.

"எங்க அப்பா இந்த வாசல்கிட்ட ரேஸ் விட்டுச் செத்துப்போனார்" என்று கையால் சொன்னாள். பக்கத்தில் நின்ற ஆசிரியை அதை மைக்கில் சொன்னார். "எங்கள நினைச்சிருந்தா அப்படி ஓட்டியிருக்க மாட்டார். நீங்க யாரும் அப்படி ஓட்டாதீங்க."

பிள்ளைகளும் பெற்றோர்களும் இரண்டு கைகளையும் உயரத் தூக்கி விரல்களை அசைத்தார்கள். அங்கே கைதட்டல் அப்படித்தான். பக்கத்து நாற்காலிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேடையிலிருந்து மகள் தன்னைத் தேடுவதைப் பார்த்து அம்மாவும் கையைத் தூக்கினாள். மாமனாரும் தூக்கினார், ஒரு கையை மட்டும். இன்னொரு கை கைத்தடியை இறுக்கிப் பிடித்திருந்தது.

"ரொம்ப தைரியமான பொண்ணு. நல்லா வளத்திருக்கீங்க" என்றார் ஆசிரியை, கூட்டம் கலைந்ததும்.

"ஆமா டீச்சர்" என்று சொல்லிவிட்டு, அவள் குருவியின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மூன்று பேரும் வளைவு வழியாக இறங்கிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பேருந்தில் இடம் இருந்தும் மாமனார் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வீடு வரும்வரை டிரைவரின் முதுகையே பார்த்தபடி நின்று வந்தார்.