எட்டு வயதில் வெள்ளெழுத்து

"டொக்டர், இவள்ர கண்ணில ஒரு குறையும் இல்ல. வாவிக்கு அங்கால போற தோணியில ஆரு இருக்கிறதெண்டு எனக்கு முதல் சொல்லுவாள்."

கதிரையில் உட்கார முன்பே இவோன் சொல்லிவிட்டாள். பக்கத்தில் மகள் ஹேசல், டவுன் சின்ட்ரோமோடு பிறந்தவள், செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். பள்ளிக்கூடத்துப் பிரஷாந்தி ரீச்சரின் நச்சரிப்புத் தாங்காமல்தான் இந்தக் கண் கிளினிக்குக்கு வந்தது. "மூண்டு வருசமா ஆனா, ஆவன்னா எழுதாத புள்ள இனியா எழுதப் போகுது? பள்ளிக்கூடத்தால நிப்பாட்டப் போறன். என்னோட தையல் கடையில இருக்கட்டும்" என்று இவோன் ரீச்சரிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாள். "கண்ணக் காட்டிப்போட்டு நிப்பாட்டுங்க" என்றாள் ரீச்சர்.

"இவளுக்கு எழுத்தே தெரியாது. என்னண்டு சோதிக்கப் போறீங்க?" என்று டொக்டரிடம் கேட்டாள் இவோன்.

"அவ ஒண்டும் வாசிக்கத் தேவயில்ல. கண்ணே சொல்லும்" என்று டொக்டர் நிஸ்றா சிரித்தார். பூனைப் படமொன்றை ஹேசலின் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து, சின்ன வெளிச்சக் கோலை அவள் கண்ணுக்கு நேரே ஆட்டி ஆட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றுபோயிற்று.

"அன்டி, உங்கட கண்ணாடி தையலுக்கா?"

"ஓம். வயசு போகுதே, ஊசிக் கண் தெரியிறல்ல."

"கழட்டிப்போட்டு இத வாசியுங்க."

கையில் கொடுத்தது மருந்துப் பெட்டி. இவோன் கண்ணைச் சுருக்கினாள், கையை நீட்டித் தள்ளிப் பிடித்தாள். "என்ன டொக்டர் பகிடி? எல்லாம் கலங்கிக் கிடக்கு."

"உங்கட மகளுக்கு எப்பவும் இப்பிடித்தான். கண் தூரத்தப் பிடிக்கும், கிட்டத்தப் பிடிக்காது. இப்பிடிப் பிறந்த பிள்ளையள்ல கனபேருக்கு இருக்கு."

"அப்ப பள்ளிக்கூடக் கொப்பியில..."

"கொப்பியில அவ கண்டது எழுத்தில்ல அன்டி. அழுக்கு."

இவோன் மருந்துப் பெட்டியை மறுபடி கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

டொக்டர் சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை ஹேசலுக்கு மாட்டி, தட்டை மூக்கில் வழுக்காமல் விரலால் தாங்கிக்கொண்டார். "செய்யிற கண்ணாடியில மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி கிட்டத்துக்கு. நடுக்கோடு கருமணிக்கு நேர வரவேணும். தாழ வைச்சா மேலால பாத்தே பழகிடுவா."

"கிழவியள் போடுற கண்ணாடி! என்ட புள்ளைக்கா?"

"ஓம், அதேதான்."

ஹேசல் பூனைப் படத்தை மூக்கடிக்கு இழுத்தாள். ஒரு விரல் மெல்ல ஊர்ந்தது. "மீச!" என்று கத்தினாள். பிறகு தாயின் முகத்தைப் பிடித்துத் திருப்பி, மேலுதட்டைத் தொட்டாள். "மம்மிக்கும் மீச!"

டொக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். இவோனுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"கண்ணாடி வர எவ்வளவு நாள் செல்லும்?"

"ரெண்டு கிழம, பதினாலு நாள்."

"அதுவரைக்கும் வகுப்பில என்ன செய்யிற?"

"கறுப்பு மையால பெரிசா, தடிப்பா எழுதிக் காட்டச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் இவோன் போனை எடுத்தாள்.

"என்ன அன்டி, நிப்பாட்டுற முடிவுதானா?" என்றாள் ரீச்சர்.

"ரீச்சர், அவள் காணவே இல்ல. மூண்டு வருசமா நாம காட்டினது ஒண்டையும் அவள் காணவே இல்ல. நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாறன். பெரிசா எழுதுங்க."