கீழக்கண்மாய்ப் பூச்சிகளுக்கு வைத்த பாக்கு

இதில் ஓர் எழுத்து பொய்யாக இருந்தாலும் எழுதிய கை முடங்கிப் போகட்டும். நடந்தது ஆனி மாதம், பட்டப்பகல், சாட்சிக்கு ஓர் ஊரே உண்டு.

காளவாசல் லூர்துராஜ், கல்லூரி ஒன்றில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தார். மாலையானால் பட்டுத்துணி வலையோடு பரவைப் பக்கத்துக் கண்மாய்களுக்குப் போய், கண்ணுக்குத் தெரியாத உயிர்களை அரித்தெடுத்து, எது எதோடு சேர்ந்து வாழ்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். பல வருடம் பார்த்துக் கண்ட மகத்தான உண்மை இது: கீழக்கண்மாயின் நீர்த்தெள்ளும் மேலக்கண்மாயின் சக்கரப்பூச்சியும் ஒரே தண்ணீரில் குடித்தனம் நடத்தாது. வடநாட்டுப் பேராசிரியர் ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் டாக்டர் பட்டம். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்கு முன்னால், லூர்துராஜுக்கு நிச்சயமான ஆனிமேரியின் அப்பா அதை ஏற்கெனவே அச்சடித்துவிட்டார்.

பேராசிரியர் வருவதற்கு முந்தின நாள், மேலக்கண்மாய்க்கு மடை திறக்கும் காசிமாயன் கரையில் வந்து நின்றார்.

“எங்க கண்மாயில எத்தனை வகைப் பூச்சி சார் இருக்கு?”

“ஆறு.”

“கீழக்கண்மாய்க்காரனுகளுக்கு?”

பொய் சொல்லத் தெரியாத பாவி, “பதினொன்னு” என்றார்.

“அவனுகளுக்கு அம்புட்டு, எங்களுக்கு இம்புட்டா? ஏன், அதுக இங்கிட்டு வராதாமா?”

“வராதுண்ணே. ஒன்னோட ஒன்னு சேராது.”

“பாக்கு வச்சுக் கூப்பிட்டுப் பாத்தீகளா?”

லூர்துராஜ் சிரித்தார். அத்தனை வருட ஆராய்ச்சியில் அவர் செய்த ஒரே தப்பு அந்தச் சிரிப்புதான்.

மறுநாள் பேராசிரியரோடு ஜீப்பை விட்டு இறங்கினால் கொட்டுமேளம். முன்னால் வெற்றிலை பாக்குத் தாம்பாளத்தோடு காசிமாயன். பின்னால் மஞ்சள் தடவிய குடங்களில் கீழக்கண்மாய்த் தண்ணீர். காசிமாயன் பெண்சாதி சின்னத்தாய் ஆலாத்தி சுற்றிக் குலவை போட, அத்தனை குடமும் மேலக்கண்மாயில் கவிழ்ந்தது.

“முறையாக் கூப்பிட்டோம், வந்துட்டாக! இனிமே எங்களுக்குப் பதினேழு சார்!”

பேராசிரியர் வலையை வீசினார். எல்லாம் கலந்துகட்டி வந்தது. பத்திரிகை பத்திரிகையாக டாக்டர் பட்டத்தை மையால் அழித்துக்கொண்டிருக்கும் மாமனார் லூர்துராஜின் கண்முன்னே தெரிந்தார்.

கண்ணாடித் தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்த பேராசிரியர் நிமிரவில்லை. லூர்துராஜும் பயந்துகொண்டே எட்டிப் பார்த்தார். நீர்த்தெள்ளெல்லாம் வலது ஓரம், சக்கரப்பூச்சியெல்லாம் இடது ஓரம். பந்தியில் மரியாதை குறைந்துபோன சம்பந்திகளைப் போல முதுகைக் காட்டிக்கொண்டு மிதந்தன. நடுவில் சைக்ளாப்ஸ் என்கிற ஒரு கிழட்டு ஒற்றைக்கண் பூச்சி மட்டும் இரண்டு பக்கமும் போய்ப் போய்ச் சமாதானம் பேசிக்கொண்டிருந்தது.

“புதுச் சம்பந்தம்ல, மொறைச்சுக்கிட்டுத்தான் இருக்கும்,” என்றார் காசிமாயன். “ஆடி கழிஞ்சாச் சரியாப் போகும்.”

ஆடி வரை பேராசிரியர் காத்திருக்கவில்லை. சேர்த்து வைத்தும் சேராத உயிர்களை இதுவரை கண்டதில்லை என்று ஜீப் முகப்பின் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பத்திரிகைகள் அச்சடித்தபடியே ஊருக்குள் போயின.

அந்த வருடம் மாசியிலிருந்து ஐப்பசி வரை, ஆனி உட்பட, இரண்டு கண்மாயிலும் சொட்டுத் தண்ணீர் கிடையாது.