காணாமல் போன எழுபது ராத்தல்

மணியம்மா கூடை கொட்டுவதைப் பார்ப்பதற்கென்றே தோட்டத்தில் ஆட்கள் நிற்பார்கள். மற்றவர்களைப் போல் முதுகுக் கூடையை அவள் இறக்கி வைப்பதில்லை. இடுப்பை வெட்டி ஒரு குனி குனிவாள். அறுபது ராத்தல் தேயிலைக் கொழுந்தும் தலைக்கு மேலாகப் பாய்ந்து தரையில் விழும். அடுத்தவள் கயிற்றை அவிழ்ப்பதற்குள் இவள் மறுபடி மலையேறியிருப்பாள். அந்த வேகத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்தான். இருந்துவிட்டுப் போகட்டுமே, அவளிடம் வேறென்ன சொத்து இருந்தது?

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பிறகு கொழுந்தைச் சீந்த ஆளில்லை. பாதி மலையில் தேயிலையைப் பிடுங்கிவிட்டுச் சர்க்கரைவள்ளி நடச் சொன்னார்கள். கிழங்கைத் தோண்டி, கணக்கெழுதும் கிராணி சுப்பிரமணியத்தின் தராசில் ஆளுக்கு ஆள் நிறுத்து, தொழிற்சாலை மாடியில் கொட்ட வேண்டும். முன்பு கொழுந்தைப் பரப்பி வாட்டிய அதே மாடி. பத்துப் பெண்களுக்கும் ஆளுக்கொரு குவியல், பக்கத்தில் பெயர் எழுதிய பலகை. பத்து நாளுக்கு ஒருமுறை தானா ராத்தா பட்டணத்திலிருந்து லாரி வந்து அறுநூறு ராத்தலைப் பட்டாளத்துக்கு ஏற்றிக்கொண்டு போகும். மிச்சம்தான் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளின் வயிற்றுக்கு.

மாடியின் சாவி மணியம்மாவின் புருஷன் மாடசாமியிடம் இருந்தது. முதல் பத்து நாளில் ஆயிரம் ராத்தல் உள்ளே போனது. திரும்ப நிறுத்தபோது எழுநூறுதான் நின்றது. லாரியோடு வந்த ஜப்பான் அதிகாரி கத்தவில்லை. மலாயில் நிதானமாகப் பேசினார். கிராணி அதைத் தமிழில் சொன்னார். முந்நூறு ராத்தலைத் திருடியவன் சாவிக்காரன்தான். அடுத்த முறையும் கணக்கு உதைத்தால் அவன் இதே லாரியில் ஏறி, சயாமுக்கு ரயில் பாதை போடப் போக வேண்டும். அந்தத் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போன பதினான்கு பேரில் ஒருவரைப் பற்றியும் இதுவரை ஒரு சேதி வரவில்லை.

அன்று சாயங்காலம் மணியம்மா புருஷனை உட்காரவைத்து உலுக்கி எடுத்தாள். கடைசியில் வாய் திறந்தான். திருடவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. அழுகிய கிழங்கைப் பார்த்தால் பத்திரமாக வைக்கத் தெரியாதவன் என்று உதைப்பார்களே என்று பயந்து, தினமும் காலையில் அள்ளிக்கொண்டு போய் ஆற்றில் கொட்டியிருக்கிறான்.

மணியம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"உங்களுக்கு இருந்த ஒரே சாட்சி அதுதாங்க. அதையும் ஆத்துல விட்டுட்டு வந்து நிக்கிறீங்க. இனிமே ஒரு கிழங்கக்கூடத் தூக்கிப் போடக்கூடாது. அழுகினதையும் நிறுப்போம்."

மறுநாளே கிராணியைப் பிடித்தாள். அழுகலை நிறுக்க அரசாங்கத் தராசா என்று அவர் முகம் சுளித்தார். புருஷன் லாரியில் ஏறினால் அடுத்த சாவிக்காரர் யார் என்று அவள் கேட்டாள். தராசு மாடிக்கு வந்துவிட்டது.

மறுபடி ஆயிரம் ராத்தல், இந்தத் தடவை ஒரே நாளில், உள்ளே போயிற்று. காலையில் வேலைக்குப் பேர் கொடுப்பதற்கு முன் மணியம்மா மாடிக்கு ஓடுவாள். அழுகியதைப் பொறுக்கி, எந்தக் குவியலிலிருந்து எவ்வளவு என்று நிறுத்து, கிராணியை எழுதச் சொல்லி, தனியாக மூட்டை கட்டுவாள். நாற்றம் குடலைப் பிடுங்கும். அவளுக்கோ சோறு இறங்காத அளவுக்கு ஒரு பரபரப்பு. தினமும் எண்கள் ஏதோ சொல்ல வருவது போலவும், தான்தான் காது கொடுக்கவில்லை என்பது போலவும் இருந்தது.

ஐந்தாம் நாள் அது பிடிபட்டது. ஜன்னல் ஓரத்தில் இருந்த தங்கம்மாவின் குவியலில் ஒரு கிழங்குகூட அழுகவில்லை. தங்கம்மாவுக்கு ஏழு மாதம். குனிந்து கொட்ட முடியாமல், உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கியிருந்தாள். எந்தக் குவியலில் அழுகல் அதிகம் என்று கிராணியின் தாளைப் பார்க்கச் சொன்னாள் மணியம்மா. அவர் தயங்கினார். பிறகு அவள் பெயரையே படித்தார்.

அழுகிய கிழங்கு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தரையில் அடிபட்ட இடத்திலிருந்துதான் கருப்பு ஊறிப் பரவியிருந்தது. இருபது வருஷம் கொழுந்து கொட்டிய கைகள் எல்லாமே கிழங்கையும் அதே போல்தான் கொட்டிக்கொண்டிருந்தன. தலைக்கு மேலிருந்து விழுந்தால் கொழுந்துக்கு ஒன்றும் ஆகாது. கண்டுபிடித்துவிட்டோம் என்று அவளுக்கு ஒரு கணம் சந்தோஷம். எல்லோரும் வேடிக்கை பார்த்த அந்த வேகம்தான் புருஷனை லாரிக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று உறைத்ததும், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பத்தாம் நாள் லாரி வந்தது. அதிகாரி மாடியேறினார். நல்ல கிழங்கு எழுநூற்று இருபது ராத்தல். மணியம்மா மூட்டைகளை இழுத்துவந்து போட்டாள். அழுகல் இருநூற்றுப் பத்து. அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு கூட்டிப் பார்த்தார். தொள்ளாயிரத்து முப்பது. மீதி எழுபது எங்கே என்று கேட்டுவிட்டு, மாடசாமியைப் பார்த்து வாசல் பக்கம் கை காட்டினார்.

மாடசாமி சாவியைக் கழற்றிக் கிராணியிடம் நீட்டினான்.

மணியம்மா குவியல்களைச் சுற்றிப் பார்த்தாள். எழுபது ராத்தலை யார் தின்றிருப்பார்கள்? பூட்டிய மாடியில், காற்று மட்டும் வந்து போகிற இந்த மாடியில்? காற்று என்றதும் தூக்கிவாரிப் போட்டது. இது கொழுந்தை வாட்டுகிற மாடியல்லவா! ராத்திரி நூறு ராத்தல் பரப்பினால் காலையில் அறுபதாய்த்தான் அள்ளுவார்கள். அதற்காக யாரும் யாரையும் திருடன் என்றதில்லை.

"கிராணி ஐயா, தங்கம்மா குவியல் உள்ள போறப்ப எவ்வளவுன்னு அவர்கிட்டப் படிச்சுக் காட்டுங்க."

சரியாக நூறு. மணியம்மா அந்தக் குவியலைத் தானே அள்ளித் தராசில் வைத்தாள். இந்தமுறை ஒவ்வொன்றாக. முள் ஆடியது, ஆடி ஆடி நின்றது. தொண்ணூற்று மூன்று.

"இதுல அழுகல் கிடையாது, ஒரு கிழங்கும் குறையல. நூத்துக்கு ஏழு ராத்தல் தண்ணி காத்துல போயிருக்கு. ஆயிரத்துக்கு எழுபதுதான், ஐயா. சொல்லுங்க அவர்கிட்ட."

கிராணி சொன்னார். அதிகாரி தராசைத் தட்டிப் பார்த்தார், மறுபடி நிறுக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்றுதான். தாளில் ஏழையும் பத்தையும் பெருக்கிப் பார்த்தார். பிறகு பென்சிலை அழுகல் மூட்டைகள் பக்கம் நீட்டி, இதற்கு யார் காரணம் என்று கேட்டார்.

பத்துப் பெண்களும் தரையைப் பார்த்தார்கள். மாடசாமி மனைவிக்குக் கண்ணைக் காட்டினான், பேசாதே என்று.

"நான்தான்," என்றாள் மணியம்மா. "கொழுந்து மாதிரி கொட்டிட்டேன். அடிபட்டுதான் அழுகிச்சு. அடுத்த தடவை இவ்வளவு இருக்காது."

ஐம்பது ராத்தலுக்கு மேல் அழுகினால் இருவருக்கும் லாரியில் இடம் உண்டு என்று அதிகாரி சொல்லிவிட்டு இறங்கினார். அறுநூறு ராத்தல் கிழங்கோடு லாரி கிளம்பியது. அது மலை திரும்பி மறையும்வரை யாரும் அசையவில்லை. மாடசாமி சாவியைத் திரும்ப வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான்.

அன்று மத்தியானம் எல்லோரும் புதுக் கிழங்கை அடுக்கி முடித்துப் போய்விட்டார்கள், தங்கம்மாகூட. மணியம்மா மட்டும் மாடியில் மண்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கிழங்காக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கடைசி ஆளாக வேலை முடித்தது அன்றுதான். மாடசாமி கதவைப் பூட்டாமல் சாவியோடு காத்திருந்தான்.