ஏமா எந்த பாஷைக்குத் திரும்புவாள்?

என் குரலைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து கிடையாது. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்த காலத்தில் நான் மைதானத்தில் 'அட்டென்ஷன்' என்றால், கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி விறைத்து நிற்பார்கள். திருவேட்டக்குடியில் வலை இழுப்பவர்களும் நிமிர்ந்து நின்றார்கள் என்று ஊரில் சொல்வார்கள். ஊரில் என்றால், நான் சொல்வேன். அப்பேர்ப்பட்ட குரல் ஓய்வுக்காலத்தில் ஒருத்தியிடம் தோற்றுப்போனது. அவளுக்கு வயது ஏழு மாதம். பெயர் ஏமா.

பக்கத்து வீட்டு ழோர்ழின் பேத்தி அவள். ழோர்ழ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர். மகள் லோரான்ஸ் பிரசவத்துக்கு வந்தவள், இன்னும் இங்கேயேதான் இருக்கிறாள். மாப்பிள்ளை அர்னோ பிரான்ஸில். ஒரு நாள் குழந்தை தூளியில் தூங்குவது தெரியாமல் வாசலில் நின்று, "யோவ் ழோர்ழ்!" என்று கூப்பிட்டுவிட்டேன். சமையலறையில் கரண்டி விழுந்தது. மாடிப் புறாக்கள் எழும்பி நாகூர் போய்த்தான் உட்கார்ந்தன. ஏமா மட்டும் அசையவில்லை.

தூளிப் பக்கத்தில் நின்ற லோரான்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இன்னொரு தடவ கூப்பிடுங்க மாஸ்டர்."

கூப்பிட்டேன். உதட்டைச் சப்பியபடி குழந்தை நிம்மதியாகத் தூங்கியது.

"பப்பா, இவளுக்குக் காது கேக்கல," என்றாள் லோரான்ஸ் அப்பாவிடம்.

"பைத்தியம் மாதிரி பேசாத!" என்று ழோர்ழ் பாய்ந்தார். "நீ தமிழ்ல கொஞ்சுற. நான் பிரெஞ்சுல கொஞ்சுறேன். உன் புருஷன் போன்ல ரெண்டையும் கலந்து அடிக்கிறான். புள்ள எதுக்குன்னு திரும்பும்? ஒரு பாஷைய முடிவு பண்ணிட்டு அப்புறமா திரும்புவா. ரெண்டு வயசு வரைக்கும் பாப்போம்."

அன்றிலிருந்து குழந்தையிடம் தமிழ் பேசத் தடை. ழோர்ழ் குழந்தையின் மூக்குக்கு நேராகக் குனிந்து பிரெஞ்சில் பொழிவார். ஏமா பொக்கை வாயால் சிரிப்பாள்.

"பாத்தியா? பிரெஞ்சுன்னா சிரிக்கிறா!"

"உங்க மூஞ்சியப் பாத்துச் சிரிக்கிறா பப்பா. பின்னாடி நின்னு கூப்பிடுங்க பாப்போம்."

பின்னால் நின்று கூப்பிட மட்டும் அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. மனுஷருக்கும் உள்ளே பயம்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

லோரான்ஸ் காத்திருக்கவில்லை. காரைக்காலில் காது பரிசோதனை செய்கிற பத்ருன்னிசாவுக்குப் போன் போட்டாள். சின்னப் பெண், ஆனால் ஆடியாலஜி படித்துவிட்டு வந்தவள். "பாப்பா தூங்கும்போதுதான் டெஸ்ட் எடுக்கணும்க்கா. காலையில தூங்க விடாம கூட்டிட்டு வாங்க. இங்க வந்து பால் குடுத்தா தானா தூங்கிடும்," என்று சொல்லியிருந்தாள்.

ஏமாவை விழித்திருக்க வைக்கும் வேலை எனக்கு வந்தது. ஆட்டோ ஆடினாலே சொக்கிவிடுகிற குழந்தை! குரல்தான் பலிக்காதே, உடம்பைக் காட்டினேன். கன்னத்தை உப்பினேன், கண்ணை உருட்டினேன், ஆட்டோவுக்குள்ளேயே தோப்புக்கரணம் போட்டேன். பின்னால் வந்த பஸ் முழுக்க ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்ததில் பஸ்ஸே கொஞ்சம் சரிந்தது.

பத்ருன்னிசா சத்தம் புகாத அறைக்குள் எங்களை உட்கார வைத்தாள். விளக்கை மங்கலாக்கினாள். லோரான்ஸ் பால் கொடுத்தாள். சிறிது நேரத்தில் மூச்சு சீராக வந்தது. தூங்கியவர் ழோர்ழ். ஏமா கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். ழோர்ழ் விட்ட குறட்டையில் கடலுக்குப் போன படகுகள் புயல் என்று நினைத்துத் திரும்பியிருக்கும்.

"ஐயா, டெஸ்ட் பாப்பாவுக்குங்க," என்று அவரைத் தட்டி எழுப்பினாள் பத்ருன்னிசா. "வெளிய போய் நல்லா தூங்குங்க. இந்தச் சத்தத்துல ரிசல்ட் தப்பாயிடும்."

"நான் தூங்கல. கண்ண மூடி யோசிச்சேன்," என்றார் ழோர்ழ்.

ஒருவழியாகக் குழந்தையும் தூங்கியது. அந்தப் பெண்ணின் விரல்களை நான் அப்போதுதான் பார்த்தேன். பூவில் உட்கார்ந்த தும்பியைப் பிடிக்கிறவளைப் போல நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர்களை ஒட்டினாள். குழந்தையின் இமைகூடத் துடிக்கவில்லை. காதுக்குள் சின்னக் குழாய் போனது. சத்தம் உள்ளே போனால் மூளை பதில் சொல்லும்; பதில் திரையில் அலையாக எழும்பும். கோடு தட்டையாகவே ஓடியது. அவள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். வெகுநேரம் கழித்துத்தான் ஒரு சின்ன மேடு எழும்பியது.

வெளியே வந்து பொறுமையாகச் சொன்னாள்: "ரெண்டு காதுலயும் கேக்குறது ரொம்பக் குறைவா இருக்குங்க. சுத்தமா இல்லாம இல்ல."

ழோர்ழ் கேட்டார்: "உன் மெஷின் எந்த பாஷையில கேட்டுச்சும்மா? தமிழ்லயா, பிரெஞ்சுலயா?"

அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு ஒரு சிலை வைக்கலாம். "எந்த பாஷையும் இல்லைங்கய்யா. டிக், டிக்னு வெறும் சத்தம். அதே கேக்கலன்னா பேச்சு எப்படி வரும்? ரெண்டு வயசு வரைக்கும் விட்டா பேசக் கத்துக்குற காலம் கைய விட்டுப் போயிடும். இப்பவே காது மெஷின் போட்டா புடிச்சிடலாம்."

ழோர்ழ் தொப்பியைக் கழற்றினார். "இன்னிக்கே அளவு எடும்மா," என்றார்.

காதுக்கு அச்சு எடுத்து, மெஷின் வந்து, மறுபடி அதே அறையில் கூடினோம். மெஷினோ ஒரு பயத்தங்காய்த் துண்டு அளவுதான். பத்ருன்னிசா ஒவ்வொரு காதுக்குப் பின்னாலும் ஒன்றை மாட்டி மெதுவாகச் சத்தத்தை ஏற்றினாள். "யாரும் கத்தாதீங்க. முக்கியமா நீங்க, மாஸ்டர்," என்றாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

லோரான்ஸ் பேச வாயெடுத்தாள். அழுகை முந்திக்கொண்டது. அதற்குள் ஏமாவே, "பா," என்றாள்.

சொன்னவள் திடுக்கிட்டாள். கண் விரிந்தது. யார் அது என்பதைப் போல இடமும் வலமும் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை, "பா."

"தன் குரலையே இப்பத்தான் கேக்குறா," என்று பத்ருன்னிசா கிசுகிசுத்தாள். எத்தனை குழந்தைகளுக்கு மாட்டியிருப்பாள்! அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அப்புறம் பிடித்தாளே ஒரு பிடி! திரும்பி வரும்போது ஆட்டோவில் பா, பா என்று ஆரம்பித்துக் கீச்சென்று உயர்த்தி, தானே கேட்டுத் தானே சிரித்து, மறுபடி கத்தினாள். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. ஆட்டோக்காரர் காதைத் தேய்த்துக்கொண்டு, "பாப்பாவக் கொஞ்சம் அமத்துங்கம்மா," என்றார்.

"அதெல்லாம் முடியாதுங்க," என்றாள் லோரான்ஸ். மகளைத் தன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "நீ கத்துடி."