சமாதிக்கு வழி

சார்பதிவாளர் முன் இருந்தவர்கள்: நிலம் வாங்கும் கார்முகிலன், அவன் மனைவி கவிப்ரியா, விற்கும் வள்ளியம்மாள், அவள் மகன் பாண்டியன், சாட்சிகளாகக் கார்முகிலனின் ஷூ கம்பெனி ஆட்கள் இருவர். வள்ளியம்மாளின் மகள் ஜோதி வரவில்லை. அவள் நிலத்தில் இருந்தாள். மஞ்சள்காமாலையில் போனவளை வடக்கு மூலையில் புதைத்து, மேலே சிமெண்ட் மேடை கட்டியிருந்தார்கள்.

பத்திரத்தைக் கார்முகிலனே எழுதியிருந்தான். வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம் எல்லாம் அவனே அலைந்து வாங்கியவை. மாதிரி வாசகம் இணையத்தில் கிடைத்தது. பெயரையும் சர்வே எண்ணையும் நிரப்பினான். வாசலில் மேசை போட்டிருந்த பத்திர எழுத்தர் அப்துல் ஹமீத் காலையிலேயே கேட்டுவிட்டார்.

"இன்னா தம்பி, நீயே வக்கீல் ஆய்ட்டியா? இனிமே எங்க பொழப்பு பேஜார்தான். நெலத்துல யார் யார் கீறாங்கன்னாவது கேட்டு எழுதினியா?"

கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனான். இந்தப் பக்கம் சொந்த நிலத்தில் புதைப்பது வழக்கம். எழுத்தர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். சமாதிக்கு நடைவழி விட்டு ஒரு வரி சேர்ப்பார்கள். இணையத்து மாதிரியில் அந்த வரி இல்லை.

கைரேகைக் கருவி வள்ளியம்மாளை ஏற்கவில்லை. டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை இழுத்து இழுத்துத் தேய்ந்த விரல்கள். ஒவ்வொன்றாக வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு விளக்கு.

"தம்பி, அவகிட்ட போய்ட்டு வர வழி எழுதிட்டல்ல?"

அப்போதுதான் ஹமீத் கேட்டது அவனுக்குப் புரிந்தது. எழுதவில்லை என்று சொன்னால் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும்.

"நீங்க எப்ப வேணா வாங்கம்மா. நான் இன்னா வேணாம்னா சொல்லப்போறேன்?"

"வெச்சி அழுத்தும்மா, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க" என்றான் பாண்டியன்.

பச்சை விளக்கு எரிந்தது.

வீடு எழும்பியது. மதிலும் கேட்டும் வந்தன. அமாவாசைக்கு அமாவாசை கிழவி வந்தாள். மேடையைக் கழுவி, ஊதுவத்தி கொளுத்தி, மகளிடம் ஊர்க்கதை பேசுவாள். நடுநடுவே பதிலுக்காக நிறுத்துவாள். அந்த நிறுத்தங்களைத்தான் கவிப்ரியாவால் தாங்க முடியவில்லை.

"அவங்க போன பெறகும் அங்க யாரோ பதில் சொல்லினே கீற மாதிரி இருக்குது. வழி குடுத்ததா நீ எழுதவே இல்லயே. அப்புறம் இன்னா?"

திருத்தல் பத்திரம் போட்டு அந்த வரியைச் சேர்க்கலாம். கார்முகிலன் பதிவு அலுவலகம் வரை போனான். எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பினான். படுத்தால் அவனுக்கும் அந்த நிறுத்தங்கள் கேட்டன.

இந்த அமாவாசை சாயங்காலம் சொல்லிவிட்டான்.

"இனிமே வராதீங்கம்மா. பத்திரத்துல வழி இல்ல."

கிழவி சண்டை போடவில்லை. மேடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து, பக்கவாட்டில் கையை நீட்டினாள்.

"எந்திரி ஜோதி. போலாம்."

எதையோ பிடித்தவள்போல விரல்களை மடக்கிக்கொண்டு, பாதையில் பாதியை விட்டு ஓரமாகவே நடந்து வந்தாள்.

"நல்லா தொறந்து வுடு தம்பி."

இரண்டு கதவுகளையும் திறந்துவிட்டான். கிழவி தாண்டிய பிறகு எவ்வளவு நேரம் திறந்து வைத்திருப்பது என்று தெரியவில்லை. மண்ரோட்டில் ஒருத்தியின் செருப்புச் சத்தம்தான் கேட்டது. மேடைப் பக்கம் திரும்பாமல் கேட்டைச் சாத்திப் பூட்டினான்.